தாய்வீட்டுக் கணக்கு

யோகமலருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று பதுளையில் அந்தத் தெருவே சொல்லும். சிரிப்பும் அதே இடத்தில்தான் இருந்தது. அது அவள் புருஷன் இரகுநாதனுக்கும், அவள் வளர்த்த ஜெயலெட்சுமிக்கும் மட்டும் தெரியும். யோகமலர் ஒரு நாள் மத்தியானம் சிரித்த சிரிப்பில்தான் இந்தக் கதை தொடங்குகிறது. ஒரு சிரிப்புக்காக ஒருத்தி காலம் முழுக்க அழவேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றுதான் அவள் சொல்வாள்.

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலம் அது. ஒரு றாத்தல் பாண் வாங்கக் கடை வாசலில் வரிசை நிற்கும். டவுனிலேயே இந்தப் பாடு என்றால் மலையில் கேட்கவேண்டுமா? தொழிலாளர் குடியிருக்கிற லயங்களில் பச்சைக் குழந்தைகள் பொத்துப் பொத்தென்று செத்து விழுந்துகொண்டிருந்தன. எந்தத் தோட்டத்தில் எத்தனை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பிறப்பு இறப்பு பதிகிறவர் ஒரு மூலையில், சுகாதாரப் பகுதி ஒரு மூலையில், அரிசிக் கூப்பன் கொடுக்கிறவர் இன்னொரு மூலையில். ஒருவர் அலுமாரியை மற்றவர் எட்டியும் பார்ப்பதில்லை.

இரகுநாதன் டவுனில் ஓர் அரசாங்கக் கந்தோரில் புள்ளிவிபரம் எழுதுகிறவர். யாழ்ப்பாணத்து ஆள். வாய் பேசாத மனுஷன், ஆனால் பிடித்தால் விடமாட்டார். ஒரு வருஷமாக ஒவ்வொரு கந்தோர் வாசலிலும் போய் நின்று, கெஞ்சி, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, கடைசியில் எல்லோரையும் ஒரே மேசையில் கொண்டுவந்து இருத்திவிட்டார். அவரவர் கணக்கை அவரவர் கொண்டுவர வேண்டும், எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகே எங்கே யாரை அனுப்புவது என்று முடிவெடுக்க வேண்டும். அதுதான் அவர் கேட்டது. பெரியவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

அந்தக் கூட்டம் முடிந்த மத்தியானம் அவர் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது கையில் வடைப் பொட்டலம் இருந்தது. நல்ல செய்தி இருந்தால்தான் வடை வரும்.

"என்ன, பெரியவர் முதுகில தட்டினவரோ?" என்று யோகமலர் கேட்டாள்.

"தட்டினவர்," என்றார் வெட்கத்தோடு. "ஆத்துமேட்டுத் தோட்டத்தில பிள்ளையள் பிறக்கிறதும் சாகிறதுமாக் கிடக்கு. ஒரு மருத்துவிச்சிதானும் இல்லை. எல்லாத்தையும் ஒண்டா வைச்சுப் பாத்த பிறகுதான் தெரிஞ்சுது. நாளைக்கே ஒரு ஆளை அங்க மாத்தச் சொல்லியாச்சு."

"எங்க இருந்து மாத்துறியள்?"

"வெள்ளைக்கல்லில இருந்து."

யோகமலர் கரண்டியை வைத்தாள். "எங்கட ஜெயா இருக்கிற தோட்டமெல்லே அது?"

"ஓமப்பா. ஆனா அங்க பிள்ளையே பிறக்கிறேல்லை. மூண்டு வருஷக் கணக்குப் பாத்தாச்சு. மருத்துவிச்சி சும்மா இருக்கிறா."

"ஏனாம்? அங்க இருக்கிறவை எல்லாம் சாமியார்மாரோ?"

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்து புரையேறியது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். இளம் பெண்கள் இருக்கிற ஒரு தோட்டத்தில் ஏன் பிள்ளை பிறக்கவில்லை என்று அந்த மேசையில் இருந்த ஒருவரும் கேட்கவில்லை. யோகமலர் கேட்டாள். கேட்டது பகிடிக்கு, அதனால் பதிலை யாரும் தேடவில்லை.

ஜெயலெட்சுமி யார் என்பதைச் சொல்லவேண்டும். ஒன்பது வயதில் அவளை வீட்டு வேலைக்கென்று கூட்டிவந்து விட்டவள் அவளைப் பெற்ற அங்காயி. யோகமலருக்குப் பிள்ளை இல்லை. வந்த முதல் கிழமையிலேயே அந்தச் சிறுக்கி எறும்புப் புற்றுக்குச் சீனி போட்டுவிட்டு, "பாவம்மா, அதுகளுக்குக் கூப்பன் இல்லீல்ல?" என்று கேட்டு அடி வாங்காமல் தப்பினாள். யோகமலர் அவளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தாள், வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் வைத்து முழுக வார்த்தாள், காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே குந்தியிருந்தாள். "எனக்கு மகள் மாதிரி" என்று கண்டவரிடமெல்லாம் சொல்வாள். ஆனால் மகள் மாதிரியானவள் படுத்தது சாமான் அறையில், பாயில். சாப்பிட்டது குசினியில், இவர்கள் சாப்பிட்டு எழும்பிய பிறகு. அந்த 'மாதிரி'யை எடுத்துவிட வேண்டும் என்று யோகமலருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. ஜெயாவும் கேட்கவில்லை.

இருபது வயதில் வெள்ளைக்கல் தோட்டத்து அழகையாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஹாலிஎலைக்கு மேலே, மலை முதுகில் இருக்கிற சின்னத் தோட்டம். பொடியன் தங்கமான பிள்ளை. கல்யாணம் முடிந்த அடுத்த வருஷம், பிரஜாவுரிமை கிடைக்காத அங்காயிக்கு இந்தியாவுக்குப் போகச் சொல்லிக் கடுதாசி வந்தது. தலைமன்னார் ரயிலில் அவள் இரண்டு மகன்களோடு ஏறினாள். அழகையாவின் குடும்பத்துக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, அதனால் ஜெயா இங்கேதான். ரயில் போன பிறகும் அவள் ஸ்டேசன் வாங்கிலிருந்து எழும்பவில்லை. யோகமலர்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

சிரித்த அந்த மத்தியானத்துக்குப் பிறகு கொஞ்ச நாளில் ஜெயா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். குசினி வாசலில் நின்றுகொண்டு சிரித்தாள். முகத்தைப் பார்த்ததுமே யோகமலருக்கு விளங்கிவிட்டது.

"அடியே! எத்தினை மாசம்?"

"நாலுங்கம்மா." தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு சொன்னாள், "எங்க தோட்டத்து மருத்துவிச்சி அம்மாவ மாத்திட்டாங்களாம். வயித்துப் புள்ளக்காரிக எல்லாம் பயந்துபோய்க் கெடக்காக."

யோகமலருக்கு அந்த வடைப் பொட்டலம் ஞாபகம் வந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே மனம் சமாதானம் சொல்லிவிட்டது. "நீ ஏனடி பயப்பிடுறாய்? பெத்த தாய் கப்பலேறிட்டா எண்டால் உனக்கு ஒருத்தரும் இல்லையோ? பேறுக்கு இஞ்ச வா. ஆசுப்பத்திரி பக்கத்திலதானே இருக்கு. இதுதான் உன்ர தாய்வீடு."

ஜெயா நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாத்தான் சொல்றீங்களாம்மா?"

"நான் என்ன பகிடிக்கோ சொல்லுறன்?"

அவள் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கு அவள் பாத்திரம் கழுவப் போனபோது யோகமலர் விடவில்லை. போகும்போது பலாக்கொட்டை, தேங்காய், பழைய சேலை என்று ஒரு கட்டுக் கட்டிக் கொடுத்து பஸ் வரைக்கும் போய் ஏற்றிவிட்டாள். அன்று இரகுநாதனிடம் சொன்னபோது அவரும், "நல்லதாப் போச்சு. அவள் இஞ்ச வந்திட்டால் பிறகென்ன பயம்?" என்றார்.

அதன்பிறகு யோகமலர் தலைகால் தெரியாமல் ஓடினாள். சாமான் அறையைத் துப்புரவாக்கினாள். மூட்டைகளை எல்லாம் வெளியே எடுத்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பித்து, ஒரு கட்டில் வாங்கிப் போட்டாள். பாய் இல்லை, கட்டில். அதைப் போடும்போது அவளுக்கே ஒரு வெட்கம் வந்தது, இத்தனை வருஷம் எங்கே போயிருந்தாய் என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். பழைய வேட்டிகளைக் கிழித்துத் துணி தைத்தாள். பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கிற காயத்துக்குச் சரக்கு வாங்கி வெயிலில் காயவைத்தாள்.

ஏழாம் மாதம் வந்தது. ஜெயா வரவில்லை. வருவாள், இன்னும் நாள் இருக்கிறதே என்று இருந்தாள். எட்டும் பிறந்தது. கோபம் மெல்ல மூக்குக்கு ஏறியது.

கடைத்தெருவில் மொஹிதீன் நானாவின் வளையல் கடை இருக்கிறது. தோட்டத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வந்தால் அங்கே ஏறாமல் போவதில்லை. யோகமலர் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கப் போனாள். ஜெயாவுக்குப் பச்சை என்றால் உயிர்.

"அழகையா வந்த, அம்மா," என்றார் நானா, வளையலைக் கடதாசியில் சுற்றிக்கொண்டே. "நீங்க சொன்னத நான் செல்லிட்டேன். வரச் செல்லி அம்மா கேட்டாங்க எண்டு."

"என்னவாம்? எப்ப வருகினமாம்?"

"அம்மா எப்ப வார எண்டு அவன் கேட்ட."

யோகமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் ஏன் அங்க போக? வயித்தில பிள்ளையோட இருக்கிறவள் அவள். வாசல் திறந்து கிடக்கு, வாறதுக்கு என்ன? கலியாணம் முடிச்ச உடன அவவுக்குப் பெருமை வந்திட்டுது போல."

நானா ஏதோ சொல்ல வாய் எடுத்தார். பிறகு பெரிய இடத்து விஷயம் என்று விட்டுவிட்டார். வளையல் பொட்டலம் வீட்டுக்கு வந்து, புதுக் கட்டிலில் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் வந்தவுடன் முதல் வேலையாகக் கையைப் பிடித்துப் போட்டுவிட வேண்டும். நன்றாக ஏசவும் வேண்டும்.

ஒன்பதாம் மாதம் தொடங்கி, ஒரு மழை நாள். யோகமலர் அடுப்படியில் இருந்தாள். பின் வாசலில் அழகையா நின்றான். தலையில் போட்ட சாக்கிலிருந்து தண்ணீர் ஒழுகியது. அவனுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

"எங்க அவள்?"

அவன் தலைச் சாக்கை இழுத்துக் கீழே போட்டான். "ஜெயா போயிருச்சிங்கம்மா."

முந்தின நாள் காலையில் மலையில் கொழுந்து எடுக்கும்போதே வலி கண்டிருக்கிறது. நாள் இன்னும் இருக்கிறது, சூட்டு வலி என்று நினைத்திருக்கிறார்கள். லயத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, இது பேற்று வலி என்று. மருத்துவிச்சி இருந்த வீடு பூட்டிக் கிடந்தது. தோட்டத்து லொறி தேயிலை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. கம்பளியில் தூளி கட்டி, நான்கு பேர் தோள் மாற்றித் தோள் மாற்றி, ஹாலிஎலை ரோட்டால் இறக்கிக்கொண்டு வந்தார்கள். மதகடியில், மழைக்குள், பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. பிள்ளை அழுதது. தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. கடைத்தெரு விளக்குத் தெரிகிற இடத்தில், "இன்னும் எம்புட்டு தூரம்?" என்று கேட்டாளாம். அதுதான் கடைசி.

யோகமலர் அவனுடைய இரண்டு தோளையும் பிடித்து உலுப்பினாள். "ஏனடா முந்தியே கூட்டிக்கொண்டு வரேல்லை? எத்தினை தரம் சொல்லி விட்டன்! கட்டில் போட்டு வைச்சிருக்கிறன், பாரடா, வந்து பார்!"

அவன் அழுதுகொண்டே நின்றான். "அம்மா வருவீங்க வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்துச்சிங்க," என்றான்.

வெள்ளைக்கல் லயத்துக்கு யோகமலரும் இரகுநாதனும் அதற்கு முன்னால் போனதில்லை. சேறும் வழுக்கலுமாக ஏறினார்கள். காம்பரா அறை வாசலில் அழகையாவின் தாய் வீரம்மா இருந்தாள். மடியில் துணிப் பொட்டலம் மாதிரி ஒரு குழந்தை. உள்ளே ஜெயாவைக் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் ஒரு கோபமும் இல்லை. யோகமலர் தலைமாட்டில் விழுந்து, அவள் நெற்றியைத் தடவித் தடவி, "ஏன் வரேல்லை நீ, ஏன் வரேல்லை" என்று அதையே கேட்டாள்.

வாசலோரம் ஒரு தகரப் பெட்டி, கயிறு போட்டுக் கட்டி இருந்தது. யோகமலர் கல்யாணத்துக்குக் கொடுத்த பெட்டி.

"ஏழாம் மாசத்துல கட்டி வச்சதும்மா," என்றாள் வீரம்மா. குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "பதுளையம்மா கூட்டிட்டுப் போக வருவாங்கன்னு லயம் பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிச்சு. ஞாயித்துக்கெழம வந்தாப் போதும், தல சீவிப் பூவச்சு வாசல்ல ஒக்காந்துரும். பஸ் சத்தம் கேட்டா எந்திரிச்சுப் பாக்கும்."

"நான் வரச் சொல்லித்தானே விட்டனான்..."

"வரச் சொன்னீங்கம்மா. ஆனா தாய்வூட்டுல இருந்து வந்து, சோறு கட்டிட்டு வந்து, வளவி போட்டு அழைச்சிட்டுப் போகணும்ல? எங்கள்ல தலப்புள்ளக்கி அப்புடித்தாம்மா. தானா எந்திரிச்சுப் போறதில்ல. நாங்கூடச் சொன்னேன், பரவாயில்ல ஆயி, ஒடம்பு முக்கியம், நீயே போயிருன்னு. அதுக்கு என்னா சொல்லிச்சு தெரியுமா? 'நானாப் போனா வேலைக்கிப் போன மாதிரி இருக்கும் அத்த. அவங்க வந்து கூப்புட்டாத்தான் மகளாப் போவேன்'னு சொல்லிச்சும்மா."

ஐயோ, யோகமலருக்கு இது எப்படித் தெரியும்! அவள் ஊரான யாழ்ப்பாணத்தில் பெண்ணுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுப்பார்கள். கல்யாணம் முடித்தாலும் பெண் தாய் வீட்டில்தான், இல்லாவிட்டால் வேலிக்கு அந்தப் பக்கம். அழைத்துப் போவதற்கு யார் யாரிடம் வருவது? வா என்று சொன்னால் வருவது, அவ்வளவுதான். பதினொரு வருஷம் தன் வீட்டில் ஒரு பிள்ளையை வளர்த்தாள், அந்தப் பிள்ளையின் சனத்தின் வழக்கம் என்னவென்று ஒரு நாளும் கேட்டறியவில்லை. அங்கே கட்டிய பெட்டியோடு அவள், இங்கே விரித்த கட்டிலோடு இவள். நடுவில் ஒரு பஸ் பயணம்.

மூன்றாம் நாள் இரகுநாதன் அழகையாவோடு பதிவுகாரரிடம் போய்விட்டு வந்தார். வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"என்னப்பா?" என்றாள் யோகமலர்.

"பிறந்தது ஹாலிஎலை ரோட்டில. செத்ததும் அங்கதான். அந்தப் பகுதிக் கணக்கில எழுதினவை. அதுதான் சட்டம், அவரில பிழை இல்லை." கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "வெள்ளைக்கல்லுக்கு நேரே இன்னும் சைபர்தான் இருக்கு, யோகம். பிறப்பும் இல்லை, சாவும் இல்லை. அடுத்த கூட்டத்தில அந்தக் கடதாசியைப் பாத்தால் நாங்கள் செய்தது சரி எண்டுதான் தெரியும்."

பிறகு மெதுவாகச் சொன்னார். வெள்ளைக்கல்லின் பழைய குடும்பங்கள் இந்தியாவுக்குப் போன முதல் கப்பல்களிலேயே போய்விட்டன. மிஞ்சியவர்கள் வேறு தோட்டங்களில் பெண்ணெடுத்த பொடியன்கள். பெண்கள் வயிற்றோடு தாய்வீட்டுக்குப் போய், பிள்ளையோடு திரும்பி வருவார்கள். ஆத்துமேட்டில் பிறந்தது என்று அவர் எண்ணியதில் எத்தனையோ வெள்ளைக்கல் பிள்ளைகள். இப்போது அந்தத் தாய்மாரும் ஒவ்வொருவராகக் கப்பலேற, தாய்வீடே இல்லாமல் போயிற்று. யார் யார் கப்பலேறினார்கள் என்ற கணக்கு வைத்திருந்த கந்தோரை அந்த மேசைக்குக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"பொம்பிளை எங்க இருக்கிறாளோ அங்கதான் பிள்ளை பெறுவாள் எண்டு நினைச்சன். எங்கட ஊரில அப்பிடித்தானே."

யோகமலர் அவரைத் திட்டியிருப்பாள். ஆனால் சாமியார்மாரோ என்று கேட்டவள் அவள்தானே. ஆத்துமேட்டில் அந்த மருத்துவிச்சி கையில் பல பிள்ளைகள் பிழைத்ததும் உண்மைதான். அதை நினைத்தாவது ஆறுதல் கொள்ளலாம் என்று பார்த்தாள். ஆறவில்லை.

இரகுநாதன் விடவில்லை. தாய் குடியிருக்கும் தோட்டம் எது என்று ஒவ்வொரு பிறப்போடும் கேட்டு எழுதவேண்டும் என்று சண்டை பிடித்தார். வாய் பேசாத மனுஷன் கூட்டத்தில் மேசையில் அடித்துப் பேசினார் என்று கந்தோரில் கதையாம். வெள்ளைக்கல்லுக்கு வேறொரு மருத்துவிச்சி வந்தாள். அவர் வடை வாங்கிக்கொண்டு வரவில்லை. அதன் பிறகு எதற்கும் வாங்கவில்லை.

கருமாதிக்கு யோகமலர் மறுபடி மலை ஏறினாள். காரியமெல்லாம் முடிந்து சனம் கலைந்த பிறகு, அழகையாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "தம்பி, இவளை என்னட்டைத் தா. கட்டில் போட்டபடி கிடக்கு. நான் வளர்க்கிறன். என்ர பிள்ளையா வளர்க்கிறன். 'மாதிரி' இல்லை."

அழகையா குழந்தையைப் பார்த்தான்.

"கோவிச்சுக்காதீங்கம்மா," என்றான். "அது போன எடத்துக்கு இது ஒன்னுதான் எனக்கிருக்கு. இவ இங்கயே வளரட்டும். ஆனா இவளுக்கும் ஒரு நாளு கல்யாணம் காச்சி ஆகும், வாயும் வயிறுமா நிப்பா. அன்னிக்குத் தாய்வூடுன்னு ஒன்னு வேணும்ல? அப்ப வந்து கூப்புடுங்கம்மா."

யோகமலர் மடியிலிருந்த வளையல் பொட்டலத்தை எடுத்து, கயிறு அவிழ்க்காத அந்தத் தகரப் பெட்டியின் மேல் வைத்தாள். அப்புறம் வீரம்மாவுக்குப் பக்கத்தில், வெறும் நிலத்தில், போய் உட்கார்ந்தாள்.

"என்னென்ன கொண்டு வர வேணும், அக்கா? எனக்கு ஒண்டும் தெரியாது. சொல்லித் தாங்கோ."

வீரம்மா முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். "புளிச்சோறு கட்டணும். தேங்காச்சோறு, தயிருச்சோறு. சக்கரப் பொங்க கொஞ்சம். வளவி, பூவு, மஞ்சக் குங்குமம், ஒரு புதுச்சேல..." சொல்லிக்கொண்டே அழுதாள். யோகமலர் அவள் முதுகைத் தடவி, "பிறகு?" என்றாள்.

"அரிசி கெடைக்காத காலமா இருந்தா ரெண்டு ரொட்டியத் தட்டிக் கட்டிக்கிட்டு வரலாம். தப்பில்ல." வீரம்மா குழந்தையை அவள் மடிக்கு மாற்றினாள். "ஒன்னுமே கொண்டு வராட்டியும் பரவாயில்ல. வாசல்ல வந்து நின்னாப் போதும்மா."